தடைக்கட்டையும் தன்னம்பிக்கையும்

நுழையும்முன்

ஊர்தி என்றதும் அதன் விரைவே நம் நினைவில் முதலில் தோன்றுகிறது. ஆயினும், ஓடும் ஊர்தி உரிய இடத்தில் நின்றால்தான் பயணம் நலமாக முடியும். மிதிவண்டியின் தேய்ந்த பிரேக் கட்டையைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் மாணவரும், தம் மகிழுந்தின் பிரேக் பேடுகளை முதன்முறையாகத் தாமே மாற்ற முனைபவரும் ஒரு பழைய வரலாற்றின் தொடர்ச்சியாகவே விளங்குகின்றனர். பட்டறை ஏதும் இல்லாத நெடுவழியில், தம் இரு மைந்தரையும் உடன் வைத்துக்கொண்டு அவ்வரலாற்றைத் தொடங்கிவைத்தவர் ஒரு பெண்மணி. அவரே பெர்த்தா பென்ஸ்.

பிறப்பும் இளமையும்

தென்மேற்கு ஜெர்மனியில் கருங்காட்டு மலைத்தொடரின் வடக்கு விளிம்பில் அமைந்துள்ள நகரம் ஃபோர்ட்ஸ்ஹைம். அந்நகரில் வாழ்ந்த ரிங்கர் குடும்பத்தில் 1849ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் பெர்த்தா பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழிலிலும் கட்டடத் தொழிலிலும் சிறந்து பொருள் ஈட்டியவர். மீண்டும் பெண்ணாகவே பிறந்துவிட்டதே என்னும் வருத்தத்தைக் குடும்பத் திருமறை நூலின் ஏட்டில் அவர் எழுதிவைத்திருந்தார் என்றும், சிறுமி பெர்த்தா அதனைக் கண்டு மனம் நொந்தார் என்றும் கூறுவர்.

கருவிகள் இயங்கும் முறையை அறிவதில் பெர்த்தாவுக்கு இளமை முதலே ஆர்வம் இருந்தது. ஆனால், அந்த ஆர்வத்தை உயர்கல்வியாக வளர்த்துக்கொள்ள வழியில்லை. அவர் வாழ்ந்த பாடன் நாட்டில் பல்கலைக்கழகக் கதவுகள் பெண்களுக்கு முழுமையாகத் திறந்தது 1900ஆம் ஆண்டில்தான். நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் கிடைத்திருக்க வேண்டிய அறிவை அவர் பட்டறையிலும் பாதையிலும் தேடிக்கொண்டார்.

முதலீடான சீதனம்

கார்ல் பென்ஸ் என்னும் இளம் பொறியாளர் மன்ஹைம் நகரில் கூட்டாளி ஒருவருடன் இணைந்து 1871இல் இயந்திரப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். கூட்டாளியின் பங்கை வாங்கினாலொழியத் தொழில் நிலைக்காது என்னும் நிலை விரைவிலேயே தோன்றியது. அப்போது கார்லுக்கும் பெர்த்தாவுக்கும் திருமணம் உறுதி செய்யப்பட்டிருந்தது. பெர்த்தா தம் சீதனப் பணத்தைத் திருமணத்திற்கு முன்னரே பெற்று, அதனைக் கொண்டு அப்பங்கை மீட்கச் செய்தார். பட்டும் நகையுமாகப் பேழையில் இருந்திருக்க வேண்டிய செல்வம் இரும்பும் எஃகுமாக மாறியது. 1872ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் அவர்கள் மணம் புரிந்துகொண்டனர்.

பின்வந்த ஆண்டுகள் கடன்சுமையில் கழிந்தன. குழந்தைகளை வளர்த்தபடியே கணவரின் ஆய்வுகளுக்கும் பெர்த்தா துணைநின்றார். 1879ஆம் ஆண்டின் இறுதி இரவில் கார்லின் இயந்திரம் தடையின்றி ஓடி நம்பிக்கை தந்தது. 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், தானே இயங்கும் மூன்று சக்கர ஊர்திக்குக் கார்ல் பென்ஸ் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அதன் எண் 37435. ஆவணத்தில் பெர்த்தாவின் பெயர் இடம்பெறவில்லை.

வாங்குவார் இல்லாத ஊர்தி

குதிரையில்லாமல் ஓடும் வண்டியைக் கண்டு மக்கள் வியந்தனர். ஆனால், வாங்க முன்வரவில்லை. புகையும் ஓசையும் எழுப்பிய அவ்வூர்தியைச் சிலர் நகைத்தனர், சிலர் அஞ்சினர். ஊரைச் சுற்றிச் சிறிது தொலைவு ஓடுவதை மட்டுமே அவர்கள் கண்டிருந்தனர். நெடுந்தொலைவு செல்லும் ஆற்றல் அதற்கு உண்டென்பதை எவரும் மெய்ப்பிக்கவில்லை. கார்லோ, குறை முழுவதும் நீங்கிய பின்னரே பெரும்பயணம் மேற்கொள்ள வேண்டும் என்னும் இயல்பினர். இந்நிலை நீடித்தால் பதினேழு ஆண்டு உழைப்பும் சீதனப் பணமும் பட்டறையின் மூலையிலேயே துருப்பிடித்துப் போகும் என்பதைப் பெர்த்தா உணர்ந்தார். செய்து காட்டுவதே தீர்வு என்று துணிந்தார்.

அறிவிக்கப்படாத பயணம்

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பள்ளி விடுமுறைக் காலம். கணவரிடம் சொல்லாமல் ஒரு நாள் அதிகாலையில் பெர்த்தா ஊர்தியை வெளியே கொணர்ந்தார். பதினைந்து வயது ஆய்கனும் பதின்மூன்று வயது ரிச்சர்டும் உடன் வந்தனர். தம் தாயார் வாழ்ந்த ஃபோர்ட்ஸ்ஹைம் நகரமே அவர் குறித்த இலக்கு. அதற்கு ஏறத்தாழ 106 கிலோமீட்டர் செல்ல வேண்டியிருந்தது. கற்களும் குழிகளும் நிறைந்த வண்டிப்பாதைகளே அன்றைய சாலைகள்.

இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே வந்ததால், வழியெங்கும் நீரை நிரப்ப வேண்டியிருந்தது. எரிபொருள் தீரும் நிலை வந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் நின்றனர். கறை நீக்கப் பயன்படும் லிக்ராயின் என்னும் நீர்மம் அங்கு விற்கப்பட்டது. அதுவே அவ்வூர்தியின் எரிபொருள். அந்த மருந்துக் கடை உலகின் முதல் எரிபொருள் நிலையம் என இன்று போற்றப்படுகிறது.

எரிபொருள் குழாயில் அடைப்பு ஏற்பட்டபோது, தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியால் பெர்த்தா அதனை நீக்கினார். மின்பொறி தரும் கம்பியின் உறை தேய்ந்தபோது, காலுறையை இறுக்கும் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். நீண்டு தளர்ந்த சங்கிலியைப் புரூக்சால் ஊரின் கொல்லர் ஒருவர் சீர்செய்தார். செங்குத்தான ஏற்றங்களில் இயந்திரம் திணறியபோது, இறங்கி ஊர்தியைத் தள்ளினர்.

தோல் பொருத்திய கட்டை

ஏற்றம் உழைப்பைக் கேட்டது. இறக்கமோ உயிருக்கே அறைகூவல் விடுத்தது. அவ்வூர்தியின் தடையமைப்பு மிக எளியது. கைநெம்புகோலை இழுத்தால் மரக்கட்டைகள் அழுந்தி உராயும், உராய்வால் ஊர்தியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறும், விரைவு குறையும். ஊரைச் சுற்றிவரும் குறுகிய ஓட்டத்திற்கு இது போதுமானதாக இருந்தது. நெடிய மலைச்சரிவுகளில் மீண்டும் மீண்டும் அழுத்த நேர்ந்தபோது மரம் விரைவாகத் தேய்ந்தது. தேய்ந்த கட்டை சரியாக அழுந்தாது; அழுந்தாத கட்டை ஊர்தியை நிறுத்தாது. கீழே வளைந்து செல்லும் பாதை. ஊர்தியில் இரண்டு பிள்ளைகள். கையில் வலுவிழந்துவரும் நெம்புகோல். பயணத்தை அங்கேயே கைவிட்டிருந்தாலும் எவரும் அவரைக் குறைகூறியிருக்க மாட்டார்கள்.

பெர்த்தா சிக்கலைக் கூர்ந்து நோக்கினார். கட்டையை முற்றிலும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை; உராயும் மேற்பரப்பை மட்டும் காத்தால் போதும் என்பது அவருக்குப் புலப்பட்டது. வழியிலிருந்த சிற்றூர் ஒன்றில் காலணி தைக்கும் தொழிலாளி ஒருவரை நாடினார். கட்டைகளின் மீது தோல் துண்டுகளை வைத்து ஆணியடித்துத் தருமாறு கேட்டார். தோல் மரத்தைவிட நன்றாகப் பற்றியது. தேய்வதும் தோலாகவே இருந்தது, கட்டை காக்கப்பட்டது. தோல் தேய்ந்தால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இன்றைய பிரேக் பேடின் அடிப்படைக் கொள்கை இதுவே. எஃகுத் தகட்டின் மீது ஒட்டப்பட்ட உராய்வுப் பொருள், சக்கரத்துடன் சுழலும் வட்டை அழுத்திப் பிடித்துத் தான் தேய்ந்து ஊர்தியை நிறுத்துகிறது. தகடு வட்டில் உராயும் முன்னரே அதனை மாற்றிவிட வேண்டும். பொருள்கள் மாறின, அழுத்தும் முறை மாறியது, தேய்வதற்கென்றே ஒரு பகுதியை அமைத்துப் பிறவற்றைக் காக்கும் கருத்து மட்டும் மாறவில்லை.

பயணத்தின் பயன்

அன்று மாலை இருள் சூழும் வேளையில் மூவரும் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரை அடைந்தனர். பெர்த்தா தந்தி வழியாகக் கணவருக்குச் செய்தி அனுப்பினார். சில நாள்களுக்குப் பின் அதே ஊர்தியில் மன்ஹைம் திரும்பினார். திரும்பியவர் புகழை மட்டும் கொண்டுவரவில்லை. குறைகளின் பட்டியலையும் கொண்டுவந்தார். ஏற்றத்திற்கு ஆற்றல் போதவில்லை என்றும், தடைக்கட்டைக்கு உறை தேவை என்றும் எடுத்துரைத்தார். அதன் பயனாக ஏற்றத்திற்கு உதவும் குறைவேகப் பற்சக்கர அமைப்பு ஊர்தியில் சேர்க்கப்பட்டது. தடைக்கட்டைக்கு உறையும் பொருத்தப்பட்டது. அதே ஆண்டில் மியூனிக் நகரில் நடைபெற்ற பொருட்காட்சியில் பென்ஸ் ஊர்தி பொற்பதக்கம் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் பென்ஸ் நிறுவனம் உலகின் மிகப்பெரிய தானுந்து உற்பத்தி நிறுவனமாக உயர்ந்தது.

காலம் தந்த சிறப்பு

முதுமையில் இருவரும் லாடன்பர்க் என்னும் சிற்றூரில் வாழ்ந்தனர். 1929இல் கார்ல் பென்ஸ் மறைந்தார். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் பெர்த்தா வாழ்ந்தார். 1944ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், அவருடைய தொண்ணூற்றைந்தாம் பிறந்தநாளில், கார்ல் பயின்ற கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு செனட்டர் என்னும் சிறப்பை வழங்கியது. இளமையில் பெண் என்பதால் திறவாதிருந்த கதவு முதுமையில் அவரை அழைத்துப் பெருமைப்படுத்தியது. இரண்டு நாள்களுக்குப் பின், மே 5ஆம் நாள், அவர் இயற்கை எய்தினார். அவர் சென்ற வழி 2008ஆம் ஆண்டு முதல் பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதையாகப் பேணப்படுகிறது.

முற்றிலும் கற்றுத் தேர்ந்த பின்னரே செயலில் இறங்குவேன் என்று பெர்த்தா காத்திருக்கவில்லை. செயலில் இறங்கினார், குறை தோன்றியபோது அதன் காரணத்தை ஆராய்ந்தார், அறியாததைக் கொல்லரிடமும் காலணி தைப்பவரிடமும் கேட்டுப் பெற்றார். முன்செல்லும் துணிவும், வேண்டும்போது நின்று பழுதை நோக்கும் பொறுமையும் ஒருங்கே அமைந்தமையால்தான் அவர் பயணம் நிறைவேறியது. வாழ்க்கைப் பயணத்திற்கும் இவ்விரண்டும் வேண்டும்.