பிரேக் பேடு முதல் லோ கியர் வரை: கணவரிடம் சொல்லாமல் கார் எடுத்த பெர்தா பென்ஸ்

கார் சர்வீஸ் பில்லில் பிரேக் பேடு, ஃபியூயல் ஃபில்டர், கூலன்ட் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். எது எதுக்கு என்று பலருக்குத் தெரியாது. இவையெல்லாம் ஏன் வேண்டும் என்பதை 1888-லேயே நடுரோட்டில் பட்டுத் தெரிந்துகொண்டவர் பெர்தா பென்ஸ்.

சீதனத்தில் எழுந்த பட்டறை

ஜெர்மனியின் ஃபோர்ஸ்ஹைம் நகரில் 1849 மே 3-ம் தேதி வசதியான குடும்பத்தில் பிறந்தவர் பெர்தா. அவருக்குப் பிடித்துப்போன கார்ல் பென்ஸோ, கையில் காசில்லாத இன்ஜினீயர். மான்ஹைமில் இருந்த பட்டறையில் கூட்டாளியோடு கார்லுக்கு ஒத்துவரவில்லை. கூட்டாளியின் பங்கை வாங்க, கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார் பெர்தா. 1872-ல் திருமணம் நடந்தது.

பெட்ரோல் இன்ஜினில் ஓடும் மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரி 29-ல் கார்ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால், வாங்கத்தான் ஆளில்லை. குதிரை இல்லாத வண்டியை நம்பி யார் வெளியூர் போவார்கள்? வண்டி விற்காவிட்டால் போட்ட பணம் அத்தனையும் போச்சு.

100 கி.மீ. பயணம்

1888 ஆகஸ்ட் மாதம் ஒருநாள் அதிகாலை. மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே வண்டியைக் கிளப்பினார் பெர்தா. மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமில் உள்ள அம்மா வீட்டுக்கு 100 கி.மீ.க்கு மேல். அவ்வளவு தூரம் அதுவரை எந்த காரும் போனதில்லை.

எரிபொருள்: வழியில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் ஊரில் ஒரு மருந்துக்கடையில், கறை நீக்க விற்ற லிக்ராயின் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தாராம். இன்று அந்த அழுக்கைக் குழாய்க்குப் போகவிடாமல் தடுப்பதுதான் ஃபியூயல் ஃபில்டர்.

கூலன்ட்: அந்த வண்டியில் இன்ஜினைக் குளிர்வித்த தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தது. நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. இப்போது கூலன்ட் மூடிய குழாய்களுக்குள் ரேடியேட்டர் வழியாகச் சுற்றிவருகிறது. அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

பிரேக் பேடு: இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்துபோனது. ஒரு செருப்பு தைப்பவரிடம் சொல்லி, அதன்மேல் தோலை அடிக்கச் செய்தார். பிரேக் லைனிங்கின் தொடக்கம் அதுதான் என்பார்கள். இன்றைய பேடும் தேய்வதற்கென்றே இருப்பது. பிரேக் பிடிக்கும்போது இரும்பு உரசும் சத்தம் கேட்டால் தள்ளிப்போடாதீங்க.

லோ கியர்: மேடு வந்தால் இன்ஜின் திணறியது. பசங்க இறங்கித் தள்ளினார்கள். ஏற்றத்துக்கென்று இன்னொரு கியர் வேண்டும் என்று திரும்பி வந்ததும் கணவரிடம் சொன்னார் பெர்தா. கியரைக் குறைத்தால் வேகம் குறையும், சக்கரத்தைத் திருப்பும் விசை கூடும். அந்தத் திருப்பு விசையைத்தான் டார்க் என்கிறோம். மலைப்பாதையில் கீழ் கியரில் ஏறுவது இதனால்தான்.

பேச்சான பயணம்

பொழுது சாயும் நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்து, கணவருக்குத் தந்தி அடித்தார். சில நாட்களில் அதே வண்டியிலேயே வீடு திரும்பினார். இந்தப் பயணம் ஊரெல்லாம் பேச்சானது. குடும்பத்தோடு வெளியூர் போய்வரலாம் என்று காட்டியாகிவிட்டது. பென்ஸ் வண்டிகளும் மெல்ல விற்கத் தொடங்கின.

கார்ல் 1929-ல் மறைந்தார். 1944-ல், தன் 95-வது பிறந்தநாளில், கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கௌரவ செனட்டர் பட்டம் பெர்தாவைத் தேடி வந்தது. இரண்டே நாளில், மே 5-ம் தேதி அவர் காலமானார். அவர் ஓட்டிப்போன வழி 2008 முதல் பெர்தா பென்ஸ் நினைவுப் பாதை என்ற பெயரில் சுற்றுலாப் பாதையாக இருக்கிறது.