என்ஜின் ‘நாக்கிங்’ சத்தத்துக்கு மருந்து கண்டுபிடித்தவர்... உலகத்துக்கே விஷம் கொடுத்த கதை! யார் இந்த தாமஸ் மிட்ஜ்லி?

பழைய பத்மினியோ அம்பாசடரோ வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் அத்துப்படி. குத்தம்பாக்கம் தாண்டி பெங்களூரு ஹைவேயில் மேம்பாலம் ஏறும்போது, கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை அழுத்தினால் போதும். உள்ளே யாரோ சில்லறையைக் குலுக்குகிற மாதிரி ‘டிக்... டிக்... டிக்’ என்று கேட்கும். மெக்கானிக்கிடம் போனால், என்ஜின் அடிக்குது, நாக்கிங் இருக்கு என்பார். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கைக் குறைப்பார், இல்லை ஹெட்டைக் கழற்றி கார்பனைச் சுரண்டச் சொல்வார்.

அந்தச் சத்தம் ஏன் வருகிறது என்பதே 110 வருடங்களுக்கு முன்னால் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைத் துப்பறிந்தவர்களில் முதன்மையானவர் தாமஸ் மிட்ஜ்லி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1889 மே 18-ல் பிறந்தவர். அப்பாவும் ஒரு கண்டுபிடிப்பாளர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் முடித்தது 1911-ல். வேதியியல் அவர் முறையாகப் படித்த பாடம் இல்லை. ஆனால் அவருக்குப் பேரும் புகழும், பின்னால் வந்த கெட்ட பேரும் கொடுத்தது அந்த வேதியியல்தான்.

பழி யார் மேல்?

1916-ல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார் மிட்ஜ்லி. கெட்டரிங் லேசுப்பட்டவர் இல்லை. கையால் ஹேண்டில் சுற்றி காரை ஸ்டார்ட் செய்த காலத்தை முடித்துவைத்த எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் அவருடையது. கூடவே அவர் கொண்டுவந்த பேட்டரி இக்னிஷன் மேல்தான் நாக்கிங் பழி விழுந்தது. ஸ்பார்க் முன்கூட்டியே அடிக்கிறது, அதனால்தான் சத்தம் என்றார்கள். அந்தப் பழி உண்மையா, இல்லையா? கண்டுபிடிக்கும் பொறுப்பை மிட்ஜ்லியிடம் கொடுத்தார் கெட்டரிங்.

என்ஜினுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. மிட்ஜ்லி என்ன செய்தார்? சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப அசைகிற ஒரு சின்னக் கண்ணாடியைப் பொருத்தி, அதில் பட்டுத் திரும்பும் ஒளிக்கற்றையை போட்டோ ஃபிலிமில் பதியவைத்தார். கிட்டத்தட்ட என்ஜினுக்கு ஒரு ஈசிஜி. அந்தக் கோட்டைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. அழுத்தம் திடீரெனச் செங்குத்தாக எகிறுவது ஸ்பார்க் அடித்த பிறகு, எரிதலின் கடைசிக் கட்டத்தில்! ஆக, இக்னிஷனைக் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு எரிபொருளில் இருக்கிறது.

இன்றைய பாஷையில் சொன்னால் இப்படி: ஸ்பார்க் பிளக்கில் பற்றிய தீ சிலிண்டருக்குள் சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருவதற்குள், ஓரத்தில் எரியாமல் மிச்சமிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை நசுங்கிச் சூடாகித் தானாகவே வெடித்துவிட்டால், அந்த அதிர்வு சிலிண்டர் சுவரில் மோதுகிறது. அந்த மோதல்தான் நமக்குக் கேட்கும் சத்தம். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும்.

(எல்லா ‘டொக் டொக்’கும் இது இல்லை. லோடு கொடுக்கும்போது மட்டும் மெல்லிய உலோகச் சத்தம் வந்தால் நாக்கிங். அடியிலிருந்து கனமாக ‘டங் டங்’ என்று அடித்தால் பியரிங். அந்த நேரத்தில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். எந்த சிலிண்டரின் வயரை எடுத்ததும் சத்தம் குறைகிறதோ, பெரும்பாலும் கோளாறு அங்கேதான். ஐடிலில் மேலே ‘டிக்டிக்’ என்று கேட்டால் டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பார்க்க வேண்டும்.)

சிவப்புச் சாயமும் பூண்டு நாற்றமும்

மருந்து தேடும் படலம் ஒரு தப்பான யூகத்தில் தொடங்கியது. பனிக்குள்ளேயே பூக்கும் ஒரு காட்டுச் செடிக்குச் சிவந்த இலைகள் உண்டு. சிவப்பு நிறம் வெப்பத்தை இழுக்கிறதோ, அப்படியானால் எரிபொருளுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றினால் சீக்கிரம் ஆவியாகுமோ என்று நினைத்தார்கள். சாயம் கைவசம் இல்லாததால் அயோடினைக் கலந்தார் மிட்ஜ்லி. நாக்கிங் நின்றுவிட்டது! பிறகு நிஜமான சிவப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தால், ஒன்றும் வேலை செய்யவில்லை. நிறத்துக்கும் நாக்கிங்குக்கும் சம்பந்தமே இல்லை; அயோடினின் வேதிக் குணம்தான் காரணம். தப்பான கணக்குக்குச் சரியான விடை வந்த கதை.

அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும். அதனால் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அனிலின் வேலை செய்தது, நாற்றம் தாங்கவில்லை. டெல்லூரியம் இன்னும் நன்றாக வேலை செய்தது, ஆனால் உடம்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்ட பூண்டு நாற்றம் குளித்தாலும் போகவில்லை. கடைசியில் தனிம அட்டவணையைப் பார்த்துப் பார்த்துக் கீழே இறங்கி, 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயக் கலவையில் வந்து நின்றார்கள். ஒரு காலன் பெட்ரோலுக்குச் சுமார் 3 மில்லி போதும், சத்தம் அடங்கிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது மிட்ஜ்லிக்கு நன்றாகத் தெரியும். அவரே அதைச் சோதித்திருக்கிறார். ஆனால் ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், அதற்குக் காப்புரிமை கிடையாது. ஈயக் கலவையோ கம்பெனியின் கைக்குள் இருக்கும் சரக்கு. 1923 பிப்ரவரியில் ‘எத்தில்’ என்ற பெயரில் டேட்டனில் விற்பனைக்கு வந்தது. ஈயம் என்ற வார்த்தையே அந்தப் பெயரில் இல்லை.

கையில் ஊற்றிக் காட்டிய விஷம்

அதே 1923-ன் தொடக்கத்தில் மிட்ஜ்லிக்கே ஈயம் ஏறி உடம்பு கெட்டுப்போய், ஓய்வுக்காக மயாமி போக வேண்டியிருந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் இதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் பிரமை பிடித்து, வலிப்பு வந்து விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில். பத்திரிகைகள் கேள்வி கேட்டதும், நிருபர்கள் முன்னால் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்து, ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார் மிட்ஜ்லி. தான் அதனால் படுத்த கதையை மறைத்துவிட்டு அவர் செய்த இந்த ஷோவை மன்னிப்பது கஷ்டம்.

தொழில்துறை நோய்களில் நிபுணரான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் கடுமையாக எதிர்த்தார். 1925-ல் விற்பனை நிறுத்தப்பட்டது. அரசு அமைத்த குழு, தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று சொல்ல, 1926-ல் மறுபடி பங்குகளுக்கு வந்துவிட்டது.

பலன் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபோர்டு மாடல் டி காலத்தில் ஏறத்தாழ 4:1 ஆக இருந்த கம்ப்ரஷன் ரேஷியோ படிப்படியாக உயர்ந்தது. சின்ன என்ஜினில் அதிக பவர், அதிக மைலேஜ் கிடைத்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. அந்தக் கால ஃபிரிட்ஜில் அமோனியா, சல்ஃபர் டைஆக்சைடு போன்ற ஆபத்தான வாயுக்கள்தான் இருந்தன. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு மாற்றாக மிட்ஜ்லி குழு உருவாக்கியது ஃப்ரியான். 1930-ல் அதை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். எரியாது, விஷமும் இல்லை. ஆனால் அந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்பது 1974-ல்தான் தெரியவந்தது.

1940-ல் போலியோ தாக்கி அவர் கால்கள் செயலிழந்தன. படுக்கையிலிருந்து எழ, கயிறும் கப்பியும் வைத்துத் தானே ஓர் அமைப்பைச் செய்துகொண்டார். 1944 நவம்பர் 2 அன்று அந்தக் கயிறுகளிலேயே கழுத்து இறுகி இறந்து கிடந்தார். வயது 55. அப்போது அவர் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவர். பெரிய விருதுகளை எல்லாம் வாங்கி முடித்திருந்தார்.

நம்ம ஊர் பங்குக்கு என்ன ஆச்சு?

காற்றிலும் கடலிலும் ஈயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை 1960-களில் அம்பலப்படுத்தியவர் கிளேர் பேட்டர்சன். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கிறது என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் உறுதியானது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயம் இல்லாத பெட்ரோல் 1995-ல் வந்தது. நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000-ல். கார்களுக்கான ஈய பெட்ரோலை உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல்.

நாக்கிங்கைத் தடுக்க இப்போது நம் பெட்ரோலில் இருப்பவற்றில் முக்கியமானது, மிட்ஜ்லி ஒதுக்கிவைத்த அதே ஆல்கஹால். பங்கில் இன்று கிடைக்கும் இ20-ல் 20 சதவீதம் எத்தனால். ஆக்டேன் கூடுதல் என்பதால் பழைய காரிலும் நாக்கிங் குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தக் கால ரப்பர் பைப், கேஸ்கெட் எல்லாம் எத்தனாலுக்காகச் செய்தவை இல்லை. அடுத்த சர்வீஸில் டைமிங்கோடு சேர்த்து ஃபியூயல் பைப்பையும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.