ஏட்டில் இல்லாத இடைவெளி: உ.வே. சாமிநாதையரின் வாழ்வும் பதிப்புப் பக்கத்தின் பகுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

அச்சு நூலில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் உடுக்குறி, பூவடிவம், கோடு ஆகியவற்றை இடுவது வழக்கம். இவை அழகுக்காக இடப்படுவன என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. உ.வே. சாமிநாதையரின் (1855–1942) வாழ்க்கையைப் பக்க அமைப்பு என்னும் கோணத்தில் பின்தொடரும் இக்கட்டுரை, பகுப்புக்குறி ஒவ்வொன்றும் பதிப்பாசிரியர் எடுக்கும் ஒரு முடிவு என்பதை நிறுவ முயல்கிறது. சிலப்பதிகாரப் பதிப்பு சிறப்புச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உ.வே. சாமிநாதையர், ஓலைச்சுவடி, பதிப்பு, உடுக்குறி, சிதைவுக்குறி, கட்டுரை, உரைப்பாட்டு மடை.

முன்னுரை

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கே, கூடலூரை அடுத்த பளியங்குடிக்கு மேலே, மலைமுகட்டில் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டுமே மக்கள் அங்குச் சென்று வழிபட முடிகிறது. மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரைவழியே மேற்கு நோக்கி நடந்து மலையேறினாள் என்னும் காப்பியச் செய்தி, வையை பாயும் இம்மாவட்டத்தாருக்குத் தம் ஊர்க்கதையாகவே இருக்கிறது. அவள் ஏறிய நெடுவேள்குன்றம் எது என்பதில் பழைய உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை இன்று விவாதிக்க இயல்வதற்குக் காரணம், மூலமும் இரண்டு பழைய உரைகளும் தனித்தனியே அடையாளம் காணத்தக்க வகையில் 1892இல் அச்சேறியமையே ஆகும்.

இக்கட்டுரைக்கான தூண்டுதல் ஒரு பிழையிலிருந்து பிறந்தது. இக்கட்டுரையாளர் தம் ஆய்வேட்டின் இயல் ஒன்றைத் தாமே கணினியில் பக்கம் அமைத்தபோது, இயலின் உட்பிரிவுகளுக்கிடையே மூன்று பூவடிவங்களை இட்டார். அனைத்துக்கும் ஒரே வடிவம் இருக்கட்டும் என்று ஒரே கட்டளையில் மாற்றியபோது, சான்றாகக் காட்டியிருந்த புறநானூற்றுப் பாடல் ஒன்றின் சிதைந்த அடிகளைக் குறித்த புள்ளிவரிசையும் பூவாகிவிட்டது. பக்கம் முன்னினும் அழகாகவே இருந்தது. ஆனால் பாடலின் அடிகள் அழிந்துபோன இடம், ஒரு பகுதி இனிதே முடிந்த இடமாகத் தோன்றியது. அப்புள்ளிகளை முதலில் இட்டவர் எவ்வாறு அம்முடிவுக்கு வந்தார் என்னும் வினா அவர் வாழ்க்கையை நோக்கி இட்டுச் சென்றது.

செவிவழிக் கல்வியும் ஓலையும்

சாமிநாதையர் 1855 பிப்ரவரி 19 அன்று பிறந்தார். தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம் அவரது ஊர். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். மகனும் இசையில் வல்லவராக வேண்டும் என்று விரும்பினார். மகனின் நாட்டமோ தமிழில் சென்றது. வறுமையோடு ஊர் ஊராக இடம்பெயர்ந்த குடும்பம், ஆசிரியர் கிடைக்கும் இடத்தையே இருப்பிடமாகத் தேர்ந்தது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் மாணவரானார். அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றதும், ஆசிரியருக்கு அதில் விருப்பமில்லை என்று அறிந்தபின் அதனை நிறுத்தியதும் அவர் வரலாற்றில் நன்கு அறியப்பட்டவை.

பிள்ளை புராணங்களை வாய்மொழியாகப் பாடிச்செல்ல, மாணவர் ஓலையில் எழுதுவது அக்காலப் பாடமுறையின் ஓர் அங்கம். பாடுபவர் குரலில் அடி முடியும் இடமும் செய்யுள் முடியும் இடமும் பொருள் திரும்பும் இடமும் தெளிவாக ஒலிக்கும். எழுத்தாணி எழுதும் ஓலையிலோ அவை பெரும்பாலும் புலப்படா. சொற்களுக்கிடையே இடம் விடப்படுவதில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடா. செய்யுள்கள் அடிபிரிக்கப்படாமல் ஓலையின் அகலம் முழுதும் தொடர்ந்து செல்லும். ஓலையில் காணும் இடைவெளிக்குப் பெரும்பாலும் பொருளோடு தொடர்பே இல்லை. கயிறு கோக்கும் துளையைச் சுற்றி இடம் விடப்படும்; ஓலை பழுதுபட்ட பகுதியை எழுதுவோர் தாண்டிச் செல்வர்; எஞ்சிய வெற்றிடம் பூச்சி அரித்ததாக இருக்கும். அச்சில் இடைவெளி பொருளைக் காட்டுகிறது. ஏட்டில் அது ஓலையின் உடலையே காட்டுகிறது.

1876 பிப்ரவரி 1 அன்று பிள்ளை மறைந்தபின் சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தில் கற்றும் கற்பித்தும் வந்தார். குரலில் கேட்டதை ஓலையில் எழுதியும், ஓலையில் உள்ளதை மீண்டும் குரலாக்கியும் பெற்ற பயிற்சி, பிற்காலத்தில் அச்சுப்பக்கத்தை அமைக்கத் துணைநின்றிருக்கும் என்று கருத இடமுண்டு.

சிந்தாமணி: கலந்து கிடந்தவற்றைப் பிரித்தல்

1880இல் தியாகராச செட்டியார் ஓய்வுபெற, அவரிடத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக ஐயர் அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் எடுத்துச்சொன்ன இளைஞரிடம், சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டது தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் திருப்புமுனையாயிற்று.

சீவக சிந்தாமணி ஏடுகளில் மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் தொடர்ந்து எழுதப்பட்டிருந்தன. அவ்வுரையாசிரியர் ஒரு செய்யுளின் சொல்லைப் பல செய்யுள்களுக்கு அப்பாலுள்ள சொல்லோடு மாட்டிப் பொருள்கொள்பவர். இடையிடையே பிற நூல்களிலிருந்தும் மேற்கோள் காட்டுபவர். ஆகவே மூலம் எது, உரை எது, மேற்கோள் எது என்பதைத் துணிவதே முதற்பணியாயிற்று. கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று அவர்கள் மரபில் அந்நூல் கற்கப்படும் முறையை ஐயர் கேட்டறிந்தார். பல ஊர்ப் பிரதிகளை ஒப்பிட்டார். கையொப்பக்காரர்களிடம் முன்பணம் பெற்றும் கடன்பட்டும் அச்சுச் செலவைத் தாங்கினார். கல்லூரி விடுமுறைகளில் சென்னை சென்று அச்சுப்படிகளைத் திருத்தினார். 1887இல் நூல் வெளிவந்தது.

அவர் பதிப்புகளில் மூலம் பெரிய எழுத்திலும் உரை சிறிய எழுத்திலும் அமைய, பிரதிபேதங்கள் அடிக்குறிப்பில் இடம்பெறுகின்றன. பழகிய கண்ணுக்கு இது இயல்பான அமைப்பாகத் தோன்றும். ஆனால் எழுத்தளவு மாறும் ஒவ்வோர் இடத்திலும், காப்பியப் புலவரின் சொல் இங்கே நின்றது, உரையாசிரியரின் சொல் இங்கே தொடங்கிற்று என்னும் தீர்ப்பு அடங்கியுள்ளது. அத்தீர்ப்பு பிழைத்தால் உரைத்தொடர் ஒன்று மூலமாகிவிடும். அல்லது மூல அடி ஒன்று உரைக்குள் மறைந்துவிடும்.

சிலப்பதிகாரம்: ஒரே சொல், வெவ்வேறு பகுப்பு

1889இல் பத்துப்பாட்டும் 1892இல் சிலப்பதிகாரமும் வெளிவந்தன. புகார்க் காண்டம் மட்டும் முன்பே அச்சாகியிருந்தது. முழுநூலையும் அரும்பதவுரையோடும் கிடைத்தவரையிலான அடியார்க்குநல்லார் உரையோடும் தந்தது ஐயர் பதிப்பு.

பகுப்பைப் பொறுத்தவரை சிலப்பதிகாரம் மிகவும் சிக்கலான நூல். பத்து, பதின்மூன்று, ஏழு எனக் காதைகள் மூன்று காண்டங்களில் அமைந்துள்ளன. கட்டுரை என்னும் சொல் மட்டுமே பல நிலைகளில் வருகிறது. பதிகத்தை அடுத்து உரைபெறு கட்டுரை உள்ளது. கானல்வரியின் உள்ளே ஓர் உறுப்பின் தலைப்பாகக் கட்டுரை வருகிறது. மதுரைக் காண்டத்தின் இறுதிக் காதையின் பெயரே கட்டுரை காதை. காண்டந்தோறும் முடிவில் அக்காண்டச் செய்திகளைத் தொகுத்துரைக்கும் கட்டுரை நிற்கிறது. இவற்றுள் ஒன்று காதையின் பெயர். ஒன்று காதைக்குள் அடங்கிய உறுப்பு. ஒன்று காண்டத்தை முடித்துவைப்பது. தொடர்ந்தெழுதிய ஏட்டில் இவற்றின் படிநிலை வேறுபாட்டைப் பொருளறிந்தே உணர வேண்டும். அச்சில் தலைப்பின் எழுத்தளவும் முன்பின் விடும் இடமும் அதனைக் காட்டுகின்றன. அனைத்தையும் ஒரே அலங்காரக்குறியால் பிரித்தால் இப்படிநிலை அழிந்துவிடும்.

குன்றக்குரவை இதற்கு மேலும் பொருத்தமான சான்று. வேங்கை மரத்தின் கீழ் நின்ற கண்ணகியை மலைவாழ் மக்கள் கண்டு வணங்கும் இப்பகுதி, மங்கலதேவி மலையடிவார மக்களின் நினைவோடு நெருங்கியது. வஞ்சிக் காண்டத்தின் தொடக்கமாகிய இது உரைப்பாட்டு மடையுடன் தொடங்கிப் பின் பாடல்களாக விரிகிறது. வேட்டுவ வரியிலும் ஆய்ச்சியர் குரவையிலும் உரைப்பாட்டு மடை உண்டு. வாய்க்கால் நீரைத் தடுத்துத் திருப்பும் மடை என்னும் சொல் பாட்டின் போக்கு மாறும் இடத்துக்குப் பெயராக அமைந்திருப்பது கருதத்தக்கது. இங்கே பகுப்பு அச்சகத்தார் சேர்த்ததன்று; நூலுக்குள்ளேயே, பெயரோடு நிற்பது. இத்தகைய இடத்தில் பதிப்பாசிரியர் புதிய குறி எதனையும் சேர்க்க வேண்டியதில்லை. உள்ள குறியை மறையாமல் காப்பதே அவர் கடமை.

இல்லாததைக் காட்டும் குறி

புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும், ஐங்குறுநூறு 1903இலும், பதிற்றுப்பத்து 1904இலும் வெளிவந்தன. இவற்றுள் பகுப்பின் இன்னொரு முகம் புலப்படுகிறது. புறநானூற்றில் பாடலைத் தொடரும் திணை, துறை, பாடியோர், பாடப்பட்டோர் பற்றிய குறிப்புகளும், பதிற்றுப்பத்தில் பத்துதோறும் அமைந்த பதிகமும் புலவர் வாக்கல்ல. தொகுப்பு மரபின் வாக்கு. ஆகவே புலவர் செய்த பகுப்பு, தொகுத்தோர் செய்த பகுப்பு, பதிப்பித்தோர் செய்த பகுப்பு என மூன்று அடுக்குகள் ஒரே பக்கத்தில் அமைகின்றன.

நான்காவதாக ஓர் இடைவெளி உண்டு. அது இழப்பின் இடைவெளி. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. எண்களை மாற்றித் தொடர்ச்சியாக்கியிருந்தால் நூல்கள் குறையற்றனவாகத் தோன்றியிருக்கும். அவ்வாறு செய்யாமல் எண்கள் வெறுமையாகவே விடப்பட்டன. சிதைந்த அடிகள் புள்ளிகளால் காட்டப்பட்டன. படியெடுத்தோர் பலர் சிதைவை அறிவிக்காமலே தொடர்ந்து எழுதிச் சென்ற மரபில், இழப்பை இழப்பாகவே அச்சிட்டது பெரும் மாற்றமாகும்.

அக்குறிகள் தேடலுக்கும் வழிவகுத்தன. குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் வரும் பகுதி முதலில் கிடைத்த ஏடுகளில் இல்லை. இங்கே ஒரு குறை உண்டு என்பதை ஐயர் உணர்ந்திருந்தமையால்தான், தருமபுர ஆதீனத்து ஏட்டில் அப்பகுதி கிடைத்தபோது அதற்குரிய இடம் காத்திருந்தது. குறையை மூடி அழகுசெய்திருந்தால் தேடவும் தோன்றியிராது.

இறுதிக் காலம்

1903இல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்றார். 1919இல் ஓய்வுபெற்றபின் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1918இல் பரிபாடலும், 1924இல் முதலும் முடிவும் கிடைக்காத பெருங்கதையும், 1937இல் குறுந்தொகையும் அவரால் வெளிவந்தன. எழுபது பாடல்களுள் இருபத்திரண்டே முழுமையாகக் கிடைத்த பரிபாடலும், தலையும் கடையும் இழந்த பெருங்கதையும், முழுமையற்ற நூலையும் உள்ளபடியே உலகுக்குத் தரலாம் என்னும் அவர் கொள்கைக்குச் சான்றுகள். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று.

1940 முதல் ஆனந்த விகடனில் என் சரித்திரம் தொடராக வெளிவந்தது. உலகப் போரை ஒட்டிச் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்த ஐயர், 1942 ஏப்ரல் 28 அன்று அங்கே மறைந்தார். தன்வரலாறு மணிமேகலைப் பதிப்புக் காலத்தை ஒட்டி நின்றுவிட்டது. பிறர் நூல்களின் குறைகளைப் புள்ளியிட்டுக் காட்டியவரின் சொந்த நூல், முற்றிற்று என்னும் சொல் இல்லாமலே நிற்கிறது.

முடிவுரை

இவ்வாய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பழந்தமிழ் நூலின் பக்கத்தில் உள்ள பகுப்புகள் யார் செய்தவை என்பதைப் பிரித்தறிந்தே குறி இடவேண்டும். இரண்டாவதாக, அலங்காரக்குறியும் சிதைவுக்குறியும் வடிவில் ஒன்றாக இருத்தல் கூடாது. உடுக்குறியோ பூவடிவமோ பகுதிப் பிரிவுக்கு எனின், புள்ளிவரிசை இழப்புக்கே உரியதாக நிற்கவேண்டும். மூன்றாவதாக, கணினியில் மறுபதிப்புச் செய்வோரும் மின்பதிப்பு உருவாக்குவோரும் இக்குறிகளை வடிவழகு கருதி ஒருசேர மாற்றுமுன், மூலப் பதிப்பின் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.

இக்கட்டுரையாளர் தம் இயலில் பூக்களை நீக்கிப் புள்ளிகளை மீண்டும் இட்டார். உட்பிரிவுகளுக்கிடையே இப்போது ஒரு வரி இடம் மட்டுமே விடப்பட்டுள்ளது.