ஹாஸ்டல் வார்டன் இல்லை, கொக்கு வார்டன்

வார்டன் என்று சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவார் என்று எனக்குத் தெரியும். ராத்திரி டார்ச்சோடு வந்து கதவைத் தட்டுகிறவர். அவரை இப்போதைக்கு விட்டுடுங்க. நான் சொல்லப்போகிற வார்டன் 120 வருஷத்துக்கு முன்னாடி, அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் தெற்கு முனையில் கொக்குகளுக்குக் காவல் இருந்தவர். பெயர் கை பிராட்லி. (கை என்பது நிஜமாகவே பெயர்தான். குழப்பம் வேண்டாம் என்று இனிமேல் பிராட்லி என்றே எழுதுகிறேன்.) வனவிலங்குக் காவல் வேலையில் இருக்கிறவர்களுக்கு இன்றைக்கும் அவர் பெயரில் ஒரு விருது கொடுக்கிறார்கள். 35 வயதில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது ஏதோ வெளியூர்க் கொள்ளைக்கூட்டம் என்று நினைச்சீங்கன்னா, இல்லை. அதே ஊர்க்காரர். முகம் தெரிந்தவர், படகு தெரிந்தவர், பிள்ளைகள் பெயர்கூடத் தெரிந்தவர்.

கொக்குக்காக ஏன் ஒரு மனுஷனைச் சுடணும்? அதுக்கு முதலில் தொப்பியைப் பற்றிப் பேசணும்.

1880களில் நியூயார்க், லண்டன், பாரிஸ் பெண்களிடம் இறகு வைத்த தொப்பி பெரிய ஃபேஷன். 1886ல் ஃப்ராங்க் சாப்மன் என்ற பறவை ஆர்வலர் நியூயார்க் கடைத்தெருவில் இரண்டு முறை நடந்து, எதிரே வந்த பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542ல் இறகு இருந்தது. சிலவற்றில் இறகு மட்டும் இல்லை, முழுப் பறவையே பாடம் செய்து உட்கார வைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது வெள்ளைக் கொக்கின் முதுகில் வளரும் மெல்லிய நீண்ட இறகுதான். நம்ம ஊர் ஏரிகளில் நிற்கிற பெரிய வெள்ளைக் கொக்குக்கும் அந்த இறகு வரும், அடுத்த முறை பார்த்தால் கவனிங்க. ஆனா வருஷம் முழுக்க இருக்காது. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற காலத்தில் மட்டும்தான் வரும்.

இங்கேதான் பிரச்சினையே. இறகு வேண்டும் என்றால் கூட்டில் இருக்கிற கொக்கைத்தான் சுடணும். குஞ்சை விட்டுவிட்டுத் தாய்ப்பறவை தூரமாய்ப் பறக்காது, அதனால் சுடுவது சுலபம். முதுகுத் தோலை உரித்து எடுத்துக்கொண்டு உடலை அங்கேயே போட்டுவிடுவார்கள். கூட்டில் இருக்கும் குஞ்சுகள் பசியிலேயே செத்துப்போகும். ஒரே வாரத்தில் ஒரு காலனி முழுக்கக் காலி, அடுத்த தலைமுறையும் சேர்த்து.

பிராட்லி இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. செய்து தெரிந்துகொண்டவர். 1870ல் சிகாகோவில் பிறந்தார். சின்ன வயதிலேயே குடும்பம் ஃப்ளோரிடாவுக்கு வந்துவிட்டது. அப்பா பல வேலைகள் பார்த்தவர். கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்தே தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் அதில் ஒன்று, அந்தப் பக்கம் அப்போது ரோடே கிடையாது. 1885ல், பிராட்லிக்கு 15 வயதாக இருக்கும்போது, ஷெவலியே என்ற பிரெஞ்சு வேட்டைக்காரருக்கு வழிகாட்டியாக அண்ணன் லூயியும் இவரும் எவர்கிளேட்ஸ் பக்கம் போனார்கள். நண்பன் ஒருவனின் பாய்மரப் படகில் சில வாரப் பயணம். திரும்பி வரும்போது கணக்கு: 36 இனங்களைச் சேர்ந்த 1,397 பறவைகள். நாம பத்தாவது பப்ளிக் எழுதிட்டு லீவுல இருந்த வயசு அது.

அவரைத் திட்டணும்னு எனக்குத் தோணலை. அந்த ஊரில் வேறு என்ன இருந்தது? எவர்கிளேட்ஸ் என்பது மெதுவாக நகரும் ஒரு பிரம்மாண்டமான சதுப்புநிலம். புல்லும் தண்ணீரும், ஓரத்தில் அலையாத்திக் காடும், சொல்லி மாளாத கொசுவும். பிராட்லி குடும்பம் பின்னால் குடியேறிய ஃப்ளமிங்கோ என்ற ஊருக்குப் படகில் மட்டும்தான் போகமுடியும். மொத்தமே சில குடும்பங்கள். மீன் பிடிக்கலாம், கொஞ்சம் கரும்பு போடலாம், கரி மூட்டம் போடலாம். கையில் ரொக்கமாகக் காசு பார்க்கணும் என்றால் இறகுதான். 1903ல் ஓர் அவுன்ஸ் கொக்கு இறகுக்கு 32 டாலர் வரை கிடைத்தது. அப்போது ஓர் அவுன்ஸ் தங்கமே 20 டாலர் சொச்சம்தான்.

இப்போ வேட்டைக்காரர்கள் பக்கம் இருந்து பாருங்க. 1901ல் ஃப்ளோரிடா அரசு பறவைகளைக் கொல்லக்கூடாது என்று சட்டம் போடுகிறது. அந்தச் சட்டத்துக்காகப் போராடியவர்கள் யார்? பெரும்பாலும் பாஸ்டன், நியூயார்க் பக்கத்து வசதியான மக்கள். 1896ல் பாஸ்டனில் ஹேரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இரண்டு பெண்கள் தங்கள் வட்டத்துப் பெண்களிடமெல்லாம் பேசி, இறகுத் தொப்பி வேண்டாம் என்று ஓர் இயக்கமே ஆரம்பித்தார்கள். நல்ல வேலைதான். ஆனா சதுப்புநிலத்தில் கொசுக்கடியோடு வாழ்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்? தொப்பி போடுகிறவர்களும் பணக்காரர்கள், தொப்பி கூடாது என்கிறவர்களும் பணக்காரர்கள், நடுவில் ஜெயிலுக்குப் போகிறவன் மட்டும் நான் என்றுதான் தோன்றியிருக்கும். நேற்று வரைக்கும் தொழில், இன்றைக்குக் குற்றம். இந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ளாமல் பிராட்லியின் கதையைச் சொன்னால் அது ஹீரோ வில்லன் படம் ஆகிவிடும்.

சட்டம் போட்டாச்சு, காவலுக்கு ஆள் வைக்க அரசு பணம் ஒதுக்கவில்லை. அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் நன்கொடை திரட்டிச் சம்பளம் கொடுக்க முன்வந்தது. அந்த வேலையைக் கவனித்தவர் நியூயார்க்கில் இருந்த வில்லியம் டட்சர். அந்தப் பகுதியில் வசித்த கிர்க் மன்றோ என்ற எழுத்தாளர் பிராட்லியின் பெயரைச் சிபாரிசு செய்தார். பிராட்லி டட்சருக்கு எழுதிய கடிதத்தில் எதையும் மறைக்கவில்லை. தானும் இறகு வேட்டை ஆடியவன்தான், சட்டம் வந்தபிறகு விட்டுவிட்டேன், அது கொடூரமான தொழில் என்று ஒப்புக்கொண்டே வேலை கேட்டார். ரெஸ்யூமேயில் இதைப் போட எனக்கெல்லாம் தைரியம் வராது.

1902ல் வேலை கிடைத்தது. மாதம் 35 டாலர். மேலே சொன்ன கணக்கை இன்னொரு தடவை பாருங்க. ஓர் அவுன்ஸ் இறகு 32 டாலர், அதுக்கு நாலு கொக்கு இருந்தால் போதும். எந்த வேட்டைக்காரனும் ஒரு காலை நேரத்தில் சம்பாதித்துவிடக்கூடிய தொகைக்கு இவர் மாசம் முழுக்கப் படகு ஓட்டணும். வீட்டில் மனைவி ஃப்ரோனி, இரண்டு சின்னப் பையன்கள். சங்கம் ஆடுபான் என்ற பெயரில் ஒரு மோட்டார் படகும் கொடுத்தது. துணை ஷெரிஃப் பதவியும் இருந்ததால் கைது செய்ய அதிகாரம் உண்டு. காவல் காக்க வேண்டிய இடம்? ஃப்ளோரிடாவின் மேற்குக் கரைத் தீவுகளில் ஆரம்பித்து எவர்கிளேட்ஸ் வழியாகக் கீ வெஸ்ட் வரைக்கும். உதவிக்கு அவ்வப்போது ஓரிருவர். மற்றபடி தனி ஆள்.

அவர் முதலில் செய்தது கைது இல்லை. எச்சரிக்கைப் பலகைகளை நட்டார். தெரிந்த வேட்டைக்காரர்களைத் தேடிப் போய்ப் பேசினார், சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கினார். எந்தக் காலனி எங்கே இருக்கிறது, எந்த ஓடை வழியாக உள்ளே நுழையலாம், யார் எப்போது போவார்கள் என்று அவருக்குத் தெரியும், ஏன்னா அவரே போனவர். சிலர் கேட்டார்கள். சிலர் மறைந்திருந்து அவரைச் சுட்டார்கள், அது ஒரு முறை மட்டும் நடந்ததல்ல.

அவருக்குத் தெரிந்த வித்தை எல்லாம் எதிர்ப்பக்கமும் தெரியும். கத்பர்ட் ஏரியில் பெரிய கொக்குக் காலனி ஒன்று இருந்தது. பிராட்லி அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவந்தார். அவர் எப்போது ஊரில் இருந்து படகை எடுக்கிறார் என்று வேட்டைக்காரர்கள் ஒளிந்திருந்து பார்த்தார்கள். வார்டன் ரவுண்ட்ஸ் முடித்து அடுத்த ப்ளாக் போனதும் நம்ம ஹாஸ்டலில் என்ன நடக்கும்? அதேதான். அவர் வேறு திசையில் போன நேரமாகப் பார்த்து உள்ளே புகுந்து காலனியையே காலி செய்துவிட்டார்கள். தொப்பிகளை எண்ணிய அதே சாப்மன் அந்தக் காலனியைப் படம் எடுக்க ஆசையோடு வந்திருந்தார். அவரிடம் நடந்ததைச் சொல்லவேண்டிய நிலைமை பிராட்லிக்கு. ஒரு நாள் இந்த மனிதரைக் கொன்றுவிடுவார்கள் என்று சாப்மனுக்கு அப்போதே தோன்றிவிட்டது.

வால்டர் ஸ்மித் ஃப்ளமிங்கோவாசி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கம் நின்று சண்டை போட்டவர், குறி தப்பாதவர். ஒரு காலத்தில் இரண்டு குடும்பத்துக்கும் நல்ல பழக்கம். ஆனா ஸ்மித்தையும் அவர் மகன் டாமையும் பிராட்லி ஏற்கெனவே பிடித்திருந்தார். இன்னொரு தடவை என் பையன் மேல் கை வைத்தால் கொன்றுவிடுவேன் என்று ஸ்மித் மிரட்டியது ஊருக்கே தெரியும். எனக்கு இந்த இடம் கஷ்டமா இருக்கு. ஒரே ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பிராட்லி கொஞ்சம் கண்டுக்காமல் இருந்திருந்தால் நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

1905 ஜூலை 8, சனிக்கிழமை. காலையில் வீட்டில் இருந்தபோதே பிராட்லிக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கடலுக்குள் இருக்கும் ஆய்ஸ்டர் தீவுகள் பக்கம் ஸ்மித்தின் பாய்மரப் படகு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. ரிவால்வரை எடுத்துக்கொண்டு தன் சின்னப் படகில் கிளம்பினார். போய்ச் சேர்ந்தபோது ஸ்மித்தின் மகன்கள் சுட்ட பறவைகளோடு படகுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டாமைக் கைது செய்யவேண்டும் என்றார் பிராட்லி. வாரண்ட் எங்கே என்று கேட்டாராம் ஸ்மித். கண்ணெதிரே நடந்ததற்கு வாரண்ட் தேவையில்லை என்றாராம் பிராட்லி. வேண்டும் என்றால் மேலே ஏறி வந்து பிடித்துக்கொள் என்று ஸ்மித் ரைஃபிளை எடுத்தார். இந்தப் பேச்செல்லாம் ஸ்மித் பிறகு சொன்னதுதான். மறுபக்கத்தைச் சொல்ல ஆள் உயிரோடு இல்லை.

குண்டு பட்ட பிராட்லியோடு அந்தச் சின்னப் படகு தானாகவே மிதந்து போனது. யாரும் பக்கத்தில் வரவில்லை. அவர் திரும்பாததால் தேடியவர்கள் அடுத்த நாள்தான் உடலைக் கண்டுபிடித்தார்கள். கேப் சேபிள் என்ற கடற்கரையில், சிப்பி ஓடுகள் குவிந்த மேட்டில் புதைத்தார்கள்.

ஸ்மித் ஓடி ஒளியவில்லை. நேராகக் கீ வெஸ்ட் போய்ச் சரணடைந்தார். பிராட்லிதான் முதலில் சுட்டார், தன் படகின் பாய்மரத்தில் குண்டு பாய்ந்த அடையாளம் இருக்கிறது பாருங்கள் என்றார். பிராட்லியின் ரிவால்வரில் ஒரு குண்டுகூடக் குறையவில்லை என்றார்கள் பிராட்லி பக்கத்தவர்கள். 5,000 டாலர் ஜாமீன் கட்ட முடியாமல் ஸ்மித் ஐந்து மாதம் உள்ளே இருந்தார். அங்கே ஒரு நடைமுறை உண்டு: வழக்கை விசாரணைக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று முதலில் உள்ளூர்ப் பொதுமக்களில் இருந்து தேர்ந்தெடுத்த ஒரு ஜூரி முடிவு செய்யும். ஆதாரம் போதாது என்று அந்த ஜூரி சொல்லிவிட்டது. வழக்கு விசாரணைக்கே வரவில்லை. ஸ்மித் வெளியே வந்தார். அதற்குள் ஃப்ளமிங்கோவில் இருந்த அவருடைய வீட்டை எரித்துவிட்டார்கள்.

சட்டப் புத்தகத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பறவையைக் கொல்வது குற்றம், மனுஷனைக் கொல்வது அதைவிடப் பெரிய குற்றம். ஆனா அதைக் குற்றம் என்று சொல்லவேண்டிய அந்த ஊர் மனசுக்குள் இன்னும் அந்தச் சட்டம் போய்ச் சேரவில்லை. பிராட்லி மூன்று வருஷமாகப் படகில் போய்ப் போய்ப் பேசிக்கொண்டிருந்தது அதைப் பற்றித்தான் என்று எனக்குப் படுகிறது.

பறவை ஆர்வலர்கள் பணம் சேர்த்து ஃப்ரோனிக்கும் பிள்ளைகளுக்கும் கீ வெஸ்ட்டில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். 1908ல் கொலம்பஸ் மெக்லாய்ட் என்ற இன்னொரு ஃப்ளோரிடா வார்டன் காணாமல் போனார், ரத்தம் படிந்த தொப்பி கிடைத்தது. காட்டில் ஆளை நிறுத்தினால் மட்டும் போதாது, கடையில் விற்பதை நிறுத்தணும் என்ற பேச்சு வலுத்தது. 1910ல் நியூயார்க் மாநிலம் இறகு விற்பனைக்கே தடை போட்டது. தொப்பி வியாபாரத்தின் தலைநகரமே அதுதான். வாங்க ஆள் இல்லாதபோது 32 டாலர் ஏது?

எவர்கிளேட்ஸ் 1947ல் தேசியப் பூங்கா ஆனது. ஃப்ளமிங்கோவும் கேப் சேபிளும் இப்போது அதற்குள்தான் இருக்கின்றன. 1960ல் வந்த டோனா புயலில் பிராட்லியின் கல்லறை கடலோடு போய்விட்டது. அந்தக் கரையில் கொக்குகள் இப்பவும் நிற்குது.