சவேரியாரும் சாராய விலக்கும்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1536, 1537 ஆம் ஆண்டுகளில் திரளாகக் கிறித்தவ சமயம் தழுவினர். போர்ச்சுகீசியரின் படைத்துணை அவர்களுக்குக் கிட்டியது. ஆயினும் அவர்களிடையே தங்கி, அவர்தம் மொழியில் கற்பிப்பார் இலர். அக்குறையை நீக்க வந்தவர் பிரான்சிஸ் சவேரியார்.

நவார் நாட்டில் 1506 ஆம் ஆண்டு உயர்குடியில் பிறந்த அவர், பாரிசுப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1542 மே மாதம் கோவா வந்தடைந்தார். அக்டோபர் மாதத்தில் தூத்துக்குடியில் இருந்தார். மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாக்கிக் கொண்டார். கையில் மணியடித்துத் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டி அவற்றைக் கற்பித்தார்.

அக்கரையூர்களில் அவர் கண்ட கேடுகளுள் ஒன்று குடி. பனையும் தென்னையும் செழித்த அந்நிலத்தில் சாராயத்திற்குக் குறைவில்லை. 1544 ஆம் ஆண்டில், தம் உடனுழைப்பாளரான மான்சிலாசுக்கு மணப்பாட்டிலிருந்து மடல் வாயிலாக ஆணையொன்று விடுத்தார். சாராயம் அருந்தும் ஒவ்வொரு பெண்ணின் பொருட்டும் காவல் அதிகாரிக்கு ஒரு பணம் உண்டு. அப்பெண்ணுக்கு மூன்று நாள் சிறை. இதனை ஊர்கள்தோறும் அறிவித்தல் வேண்டும். ஆடவரை விடுத்துப் பெண்டிரையே சிறையிலிடும் இவ்விதி நேரியதன்று என இன்று எண்ணத் தோன்றும். எனினும் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. இனிப் புன்னைக்காயலில் சாராயம் அருந்தப்படுவதாகக் கேள்வியுற்றால், அவர்களே அதற்குப் பெருவிலை கொடுக்க நேரும் என எச்சரித்தார். சென்னை மாகாணத்தில் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் முதல் நாளன்று மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு 393 ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தது இது.

தண்டம் விதித்த அக்கைகள், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வேறொரு பணியில் முனைந்தன. வடுகர் படை குமரிமுனைப் பகுதியைச் சூறையாடியது. மக்கள் கடலிடைப் பாறைகளில் ஒளிந்து, பசியாலும் நீர்வேட்கையாலும் மடிந்தனர். சவேரியார் மணப்பாட்டில் 20 தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்றோ கடுமையாய் வீசியது. துடுப்பு வலித்தும், கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் முன்செல்லவில்லை. வேறு வழியின்றித் திரும்பினார். பின்னர்த் தரைவழியே நடந்து குமரிமுனையை அடைந்தார். உண்ண ஏதுமின்றி வாடியோரையும், நடக்கவியலாத முதியோரையும், வழியிலேயே மகவீன்ற தாய்மாரையும் அங்குக் கண்டு உள்ளம் நொந்தார். அவ்வேழைகளைப் பேணும் பொறுப்பைப் பட்டங்கட்டிகளிடமே ஒப்படைத்தார். சாராயத்திற்காக அவரது கடிந்துரையைக் கேட்டவர்களும் பட்டங்கட்டிகளே!

1545 இல் அவர் மலாக்காவுக்குக் கப்பலேறினார். 1548 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் மணப்பாடு வந்து, அக்கரையில் பணியாற்றிய துறவியர்க்கு நடைமுறைகளை வகுத்தளித்தார். மக்களின் அன்பைப் பெற முயலுதல் வேண்டும் என்பதே அவற்றில் அவர் பெரிதும் வற்புறுத்திய ஒன்று. 

அதன்பின் அவர் ஜப்பானுக்குச் சென்றார். சீன நாட்டினுள் நுழையக் காத்திருந்த வேளையில், அதன் கரையை அடுத்த சான்சியன் தீவில் நோயுற்று, 1552 டிசம்பர் 3 ஆம் நாள் தம் 46 ஆம் வயதில் உயிர் நீத்தார்.