மனநோய் பரம்பரையா? இந்தியாவிலேயே தங்கிவிட்ட மரபியல் மேதை ஹால்டேன் சொன்னது என்ன?

பெண் பார்க்கப் போகும் முன்பே ஒரு விசாரணை நடந்துவிடும். அந்த வீட்டுல யாருக்காவது மனசு சரியில்லாம இருந்ததா? செங்கல்பட்டிலும் இதே கதைதான். 1933-ல் ஜெர்மனியில் இந்தச் சந்தேகம் சட்டமாகவே ஆனது. மனநோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை!

இத்தகைய சட்டங்களை அறிவியலைக் கொண்டே கேள்வி கேட்டவர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். அப்பா உடலியங்கியல் விஞ்ஞானி. மகனைச் சின்ன வயசிலேயே பரிசோதனைகளில் சேர்த்துக்கொண்டார். முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஹால்டேன், பிறகு பரிணாமத்தைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். இத்தனைக்கும் அவரிடம் அறிவியல் பட்டம் கிடையாது!

மனித இனத்தை 'மேம்படுத்தும்' யோசனை முதலில் அவரையும் ஈர்த்தது உண்மை. பின்னாளில் மாறினார். 1938-ல் வெளியான 'ஹெரிடிட்டி அண்ட் பாலிடிக்ஸ்' நூலில் கருத்தடைச் சட்டங்களை அலசினார். அரிதான ஒடுங்கு மரபணுவைச் சுமப்பவர்களில் பெரும்பாலானோர் ஆரோக்கியமாகவே இருப்பாங்க. நோயாளிகளை மட்டும் தடுத்தால் அது எப்படி ஒழியும்?

1946-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். எந்த மரபணு 'நல்லது' என்பது சூழலைப் பொறுத்து மாறலாம் என்று கட்டுரை எழுதினார். நம்ம ஊர் நெல்லை வெச்சுப் பார்த்தா புரியும். செங்கல்பட்டு ஏரிப் பாசனத்தில் நல்லா விளையும் ரகம், மாமல்லபுரம் பக்கத்து உப்பு மண்ணில் திணறலாம். அங்கே உப்பைத் தாங்கும் ரகம்தான் ஜெயிக்கும். அப்போ எது உசந்த ரகம்?

மனசுக்கும் இது பொருந்துது. தன் உணர்ச்சியைத் தானே அடையாளம் காண முடியாத சிக்கலை, டென்மார்க்கில் இரட்டையர்களிடம் ஆராய்ந்து 2007-ல் முடிவு வெளியிட்டார்கள். அதில் மரபணுவின் பங்கு சுமார் மூன்றில் ஒன்று; மீதி சூழல். பெற்றோரில் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். மற்றவர்களுக்கு சுமார் 1 சதவீதம். அதிகம்தான், ஆனா 10-ல் 9 பேருக்கு வராது. கல்யாணத் தரகர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

1957-ல் மகலனோபிஸின் கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார் ஹால்டேன். குர்தா போட்டார், சைவம் சாப்பிட்டார், இந்தியக் குடிமகனும் ஆனார். தாய்மாமன் அக்கா மகளைக் கட்டும் தென்னிந்திய வழக்கம் அவருக்குப் பெரிய ஆய்வுக்களமாகத் தெரிந்தது. அவருடைய மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திராவில் உறவுத் திருமணங்களை ஆராய்ந்தார்.

1962-ல் புவனேஸ்வருக்குக் குடிபெயர்ந்த ஹால்டேன், 1964 டிசம்பர் 1-ல் புற்றுநோயால் காலமானார். அவர் விருப்பப்படியே உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது, மாணவர்கள் படிக்க.