அப்பா முகம் தெரியாத பிள்ளையும் கந்தகோட்டத்து முருகனும்

ஓம் சரவணபவ! 

போன வருஷம் ஆடி மாசம் எங்க அப்பா இறந்துட்டார். நெஞ்சுவலி. நான் அப்போ ஆபீஸ்ல நைட் ஷிப்ட்ல இருந்தேன், வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. சின்ன வயசுல இருந்து கிருத்திகைக்குக் கிருத்திகை என்னைக் கந்தகோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனவர் அவர். அதுக்கப்புறம் அந்தக் கோயில் பக்கமே நான் போகல. முருகன் மேல கோபம்னு சொல்ல முடியாது. அப்பா இல்லாம அந்தச் சந்நிதியில எப்படி நிக்கிறதுன்னு தெரியல, அவ்வளவுதான்.

அந்த நாட்கள்ல அப்பா அலமாரியில இருந்த வள்ளலார் வரலாற்றை எடுத்துப் படிச்சேன். அப்பா சொல்லிப் பலமுறை கேட்ட கதைதான். ஆனா இந்தத் தடவை அதுல இருந்த ஒரு விஷயம் என்னை நிறுத்திடுச்சு. வள்ளலாருக்கு அவர் அப்பாவோட முகமே தெரியாது.

1823 அக்டோபர் 5, சிதம்பரம் பக்கத்துல மருதூர். அங்கே கிராமக் கணக்கரா இருந்தவர் இராமையா பிள்ளை. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கும் சின்னம்மைக்கும் ஐந்தாவது குழந்தையா இராமலிங்கம் பிறந்தார். பிறந்த சில மாசத்துலயே அப்பா காலமாயிட்டார். ஐந்து பிள்ளைகளோட அந்த அம்மா தன் பிறந்த ஊர்ப்பக்கமான பொன்னேரிக்கு வந்து, பிறகு சென்னைக்கு வந்தாங்க. ஏழுகிணறு வீராசாமி தெருவுல குடியேறினாங்க.

குடும்பத்தைத் தாங்கினவர் மூத்த அண்ணன் சபாபதி. புராணச் சொற்பொழிவு செய்து கிடைச்ச வருமானத்துல வீடு நடந்தது. தம்பியை எப்படியாவது படிக்க வைக்கணும்னு அவருக்கு ஆசை. தான் படிச்ச காஞ்சிபுரம் சபாபதி முதலியார்கிட்டயே அனுப்பினார். ஆனா பையன் கால் போனது கந்தகோட்டத்துக்கு. அங்கே நின்னு பாடிக்கிட்டே இருப்பார். அந்தப் பாட்டைக் கேட்ட ஆசிரியர், இந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டார்.

அண்ணனுக்கு அது புரியல. படிக்காத தம்பிக்குச் சோறு போடக் கூடாதுன்னு சொல்லிட்டார். முன்னெல்லாம் இதைப் படிக்கும்போது அண்ணன் மேல எரிச்சல் வரும். இப்போ வரல. அப்பா இடத்துல திடீர்னு நிக்க வேண்டி வந்த ஒருத்தரோட பயம் அதுன்னு தோணுது. வீட்டுக்கு மூத்தவனா நானும் என் தம்பியை அதே மாதிரி அதட்டியிருக்கேன்.

அந்த வீட்டுல அண்ணி இருந்தாங்க. கணவருக்குத் தெரியாம பின்பக்கமா கூப்பிட்டு அந்தப் பையனுக்குச் சாப்பாடு போட்டாங்க. வீட்டுக்கு வந்து படிப்பான்னு கெஞ்சினாங்க. சரின்னு வந்தவர், மாடியில ஒரு அறை மட்டும் கேட்டார். அதுல ஒரு கண்ணாடியை வெச்சு, விளக்கேத்தி, அதுக்கு முன்னாடி உட்கார்ந்தார். அந்தக் கண்ணாடியிலதான் தணிகை முருகன் காட்சி கொடுத்தார். அப்போ அவருக்கு வயசு 9.

கந்தகோட்டத்து முருகன் மேல அவர் பாடினது தெய்வமணிமாலை. அதுல அவர் கேட்கிற வரங்களைக் கவனிங்க. பணம் இல்ல, பதவி இல்ல. உன்னையே மனசு மாறாம நினைக்கிற நல்லவங்களோட உறவு வேணும்கிறார். மனசுல ஒண்ணும் வாயில ஒண்ணும் வெச்சுப் பேசுறவங்க சகவாசம் வேண்டாம்கிறார். அப்பா இல்லாத பிள்ளை முருகன்கிட்ட முதல்ல கேட்டது நல்ல மனுஷங்களைத்தான்னு எனக்குப் பட்டது.

முருகன் கொடுக்கவும் செய்தார். சென்னையை விட்டுப் போனதும் கருங்குழியில வேங்கட ரெட்டியார் குடும்பம் தங்கள் வீட்டுலயே வெச்சுப் பல வருஷம் பார்த்துக்கிட்டாங்க. தொழுவூர் வேலாயுத முதலியார் கூடவே நின்னு பாடல்களைத் தொகுத்தார். இறுக்கம் இரத்தின முதலியார் அதை அச்சாக்கியே தீரணும்னு பிடிவாதம் பிடிச்சார். 1867-ல திருவருட்பா புத்தகமா வந்தது.

அதே 1867, மே 23. வடலூர்ல சத்திய தருமச்சாலை தொடங்கினார். ஊர்மக்கள் சுமார் 80 காணி நிலம் எழுதிக்கொடுத்தாங்க. யாரு, எந்த ஊரு, என்ன சாதி, என்ன மதம்னு கேட்காம பசிச்சு வந்தவங்களுக்குச் சோறு. அன்னைக்கு அவர் ஏத்தின அடுப்பு இன்னைக்கும் அணையல. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த அண்ணி ஞாபகம்தான். ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிட்ட பையன், ஒருத்தரும் ஒளிஞ்சு சாப்பிட வேண்டாத ஒரு வீட்டைக் கட்டிட்டார்.

இன்னொண்ணு. கடைசிக் காலத்துப் பாடல்கள்ல அவர் இறைவனை வாய் நிறைய அப்பான்னு கூப்பிடுறார். அதுல இரண்டு பகுதிகளுக்குப் பேரே பிள்ளைச் சிறுவிண்ணப்பம், பிள்ளைப் பெருவிண்ணப்பம். ஐம்பது வயசை நெருங்கும்போதும் அவருக்கு அப்பான்னு கூப்பிட ஆள் வேண்டியிருந்தது. அப்போ 27 வயசுல நான் ராத்திரியில அழுததுக்கு எதுக்கு வெட்கப்படணும்? 1874 ஜனவரி 30, மேட்டுக்குப்பத்துல அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். திரும்ப வெளியே வரல.

இந்தத் தைப்பூசத்துக்கு வடலூர் போனேன். கந்தகோட்டத்துல அப்பாகூட வரிசையில நின்னு பழகின ரெண்டு அடியார்கள்தான் கூட்டிட்டுப் போனாங்க. ஜோதி தரிசனம் முடிஞ்சு தருமச்சாலை பந்தியில உட்கார்ந்தேன். பரிமாறினவர் என் முகத்தைப் பார்த்துட்டு, "தம்பி, இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பா"ன்னார். எங்க அப்பா வயசு இருக்கும். தலையைக் குனிஞ்சுக்கிட்டே சாப்பிட்டேன்.

அப்பா போன பதினாறு நாளும் எதிர்வீட்டு அக்கா ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லல. தினமும் காலையில வாசல்ல இட்லி பாத்திரம் இருக்கும். அப்போ அது யார் வேலைன்னு எனக்குப் புரியல. இப்போ புரியுது.

உங்க நண்பர்கள் யாருக்காவது அப்பா தவறியிருந்தா, இரங்கல் மெசேஜோட நிறுத்திடாதீங்க. சாப்பாடு எடுத்துட்டுப் போங்க. பேங்க்குக்கும் தாலுகா ஆபீசுக்கும் கூடப் போங்க. மூணு மாசம் கழிச்சு, எல்லாரும் மறந்த பிறகு ஒரு போன் பண்ணுங்க. இழந்தது நீங்களா இருந்தா, யாராவது கூப்பிடும்போது மறுக்காம போங்க.

போன கிருத்திகைக்குக் கந்தகோட்டம் போனேன். தம்பியையும் கூட்டிட்டுப் போனேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!